எல்லைக்கல்லுல மூணு நாள்

அந்தக் கேனை எல்லைக்கல்லுல எறக்கி வச்சது நாந்தான். மொதல்லயே அதச் சொல்லிப்புடுறேன். இல்லாட்டி நான் பாட்டுக்கு ஊர்க்காரங்களை வஞ்சுக்கிட்டே போவேன், நடுவுல எவனாவது எந்திரிச்சு, "ஏப்பா சிவமுருகா, கொண்டாந்து வச்சவன் நீதானப்பா"ன்னு கேட்டா எம்மூஞ்சியக் கொண்டு எங்க வச்சிக்கிறது?

எனக்குச் செண்பகனூரு. இருவத்திரெண்டு வருசமாப் பால் வண்டி ஓட்டுறேன். வெள்ளனே வண்டிய எடுத்தா பூம்பாறை, மன்னவனூர் தாண்டி, போளூருக்குப் பிரியிற ரோட்டுல போயி, கடைசியா தொட்டிமட்டத்துல பாலை ஏத்திக்கிட்டுத் திரும்புவேன். தொட்டிமட்டத்துல நாப்பத்திமூணு வீடு. பூண்டு, உருளைக்கெழங்கு, பீன்ஸு. கறவை மாடு மொத்தம் பத்தொம்பது. பூண்டு வருசத்துக்கு ரெண்டு தடவதான் கைக்கு வரும். அன்னாடம் அடுப்பெரியிறது பாலுலதான்.

நான் சொல்றது ரெண்டாயிரத்து இருவத்தொண்ணுல, சித்திரை வைகாசி நேரம். ரெண்டாந் தடவையா கொரோனா வந்து, கீழ ஆசுபத்திரியில படுக்க எடமில்லாம ஆளுக செத்துக்கிட்டிருந்தாங்க. தொட்டிமட்டத்துக்காரங்க ரோட்டுக்குக் குறுக்க ஒரு தைலமரக் கட்டையப் போட்டு ஊரை அடைச்சிட்டாங்க. கட்டைக்கு இந்தப் பக்கம் எல்லைக்கல்லு இருக்கு, இடுப்பு ஒசரத்துக்குப் பட்டைக் கல்லு. அந்தக் காலத்துல அம்மை, காலரான்னு வந்தப்ப, கீழருந்து வர்ற எந்தச் சாமானையும் அந்தக் கல்லுல மூணு நாள் வச்சு, மஞ்சளும் வேப்பெலையும் போட்டுக் காய்ச்சுன தண்ணிய ஊத்திக் கழுவித்தான் ஊருக்குள்ள எடுப்பாங்களாம். அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டாந்தாங்க. அத நான் குத்தம் சொல்லலை. உசுருக்குப் பயந்தவன் என்னமும் செய்வான். எம் பால் கேனுக்கும் அதே சட்டந்தான், மூணு செட்டு வச்சு மாத்தி மாத்தி ஓட்டுனேன். அரிசி மூட்டையில தண்ணி எறங்கி, அந்த ஊர்ல ரெண்டு மாசம் எல்லாரும் மஞ்சச் சோறுதான் தின்னாங்க.

ஆனா ஊருக்கு மேல, சோலை ஓரமா மூணு காட்டேஜ் இருக்கு. மெட்ராசுக்காரவுகளோடது. அதுக்குக் காவல் பாக்குறவன் வேல்ராஜ். ஊருக்குள்ள பலசரக்குக் கடையும் அவனோடதுதான், கட்டைக்குத் தலைவனும் அவன்தான். ஏசி காரு ஏறி வரும். கண்ணாடிய எறக்கிப் போன்ல பாஸைக் காட்டுவாங்க. கட்டை தானா தூக்கும். காருக்கு மூணு நாளும் கெடையாது, மஞ்சத்தண்ணியும் கெடையாது. ஏம்ப்பான்னு கேட்டா, "அவங்க பாஸ் வச்சிருக்காங்க டிரைவரே"ம்பான். நோய் வந்து பாஸை வாங்கிப் பாத்துட்டு, சரி இந்த ஐயா நல்லவருன்னு ஒதுங்கிப் போயிருமாக்கும்!

கட்டையத் தாண்டுனா மொத வீடு ராக்காயி வீடு. அவ, புருசன் ஆண்டிச்சாமி, காலேசு மூடுனதால வீட்டோட இருந்த மக நதியா, அப்பறம் செவத்தா. செவத்தான்னா மாடு. செவலைக் கலப்பு மாடு, நெத்தியில ஒரு வெள்ளை. பால் ஊத்த வர்றப்ப ராக்காயி எனக்குக் கடுங்காப்பி கொண்டாருவா. கட்டைக்கு அந்தப் பக்கம் அவ நின்னு ஊத்த, இந்தப் பக்கம் நான் என் டம்ளரை நீட்டிக்கிட்டு நிப்பேன். சுட்ட உருளைக்கெழங்கு ஒண்ணு ரெண்டு எலையில சுத்தி வீசுவா. கேட்ச் புடிக்கணும்.

சித்திரையில ஒரு நாள் காப்பி ஊத்துறப்பவே சொன்னா, "செவத்தா கத்துறா அண்ணே. ராத்திரியே காதைப் பாத்தேன், ஒரு எடத்துல நிக்கலை. பருவத்துக்கு வந்துட்டா."

"சக்திவேலுட்டச் சொன்னியா?"

சக்திவேல்தான் தொட்டிமட்டத்துக்குச் சினை ஊசி போடுறவன். வேல்ராஜோட தங்கச்சி புருசன். காளையோட விந்துவ மெல்லிசுக் குச்சியில அடைச்சு, ஒரு கேனுக்குள்ள நைட்ரஜன் கேஸுல முக்கி வச்சிருப்பாங்க. கேஸுன்னாலும் தண்ணியா இருக்கும், அம்புட்டுக் குளிரு. மூடியத் தொறந்தா நெருப்பில்லாம வெள்ளையாப் பொகை பொங்கும். அந்தக் குளிரு போச்சுன்னா குச்சிக்குள்ள இருக்கிறது செத்துரும். அம்புட்டுத்தான் விசயம், பால் வண்டி ஓட்டுற எனக்கே தெரியும்.

"கேஸு இல்லையாம்" அப்பிடின்னா ராக்காயி. "கேஸு செய்யிற எடத்துல எல்லாம் இப்ப மனுசனுக்கு ஆக்சிசன் செய்யிறாங்களாம். கேனு காலியாக் கெடக்குன்னுச்சு சக்திவேலு."

"காளையுமில்லையே இங்க."

"ஏது காளை? ஊசி வந்துருச்சு, இனி எதுக்குத் தண்டத்துக்குக் காளைன்னு இருந்த ஒண்ணையும் காயடிச்சுப் பன்னெண்டு வருசமாச்சு. போகட்டும்ணே. அங்க மனுசன் மூச்சுக்கு முட்டிக்கிட்டுக் கெடக்கான். அடுத்த பருவத்துக்கு இருவத்தியொரு நாள் மாடு பொறுக்காதா?"

இதக் குறிச்சு வச்சுக்கங்க. கோவப்பட வேண்டிய எடத்துல கூடப் பொறுத்துக்கிட்டவ அவ. செவத்தா அதுவரைக்கும் நாலு ஈத்து ஈன்டிருக்கா, நாலும் ஒத்த ஊசியில சினை நின்னது. ரெண்டாவது ஊசின்னு ஒண்ணை அந்த மாடு கண்டதில்லை.

வைகாசியில கேஸு வந்துச்சு. கோடைக்கானல்ல இருக்குற மாட்டாசுபத்திரியில கேனை ரொப்பி, நாப்பது குச்சி போட்டு, சீல் வச்சு, எங்கையில குடுத்தனுப்புனாங்க. தொட்டில்ல புள்ளையப் போட்ட மாதிரி, சீட்டுல பெல்ட்டுப் போட்டு மெதுவாக் கொண்டு போனேன். கட்டைகிட்ட வேல்ராஜும் இன்னும் நாலு பேரும் நின்னாங்க.

"என்ன டிரைவரே அது?"

"சினை ஊசிக் கேனு. சக்திவேலக் கூப்புடு, கையில குடுக்கணும்."

"அவன் காட்டுக்குப் போயிட்டான். கல்லுல வைங்க."

"வேல்ராஜு, இது அரிசி மூட்டை இல்லப்பா. இதத் தொறக்கவும் கூடாது, கழுவவும் கூடாது. அவன் வந்து அப்பிடியே தூக்கிக்கிட்டுப் போகட்டும்."

"எல்லாத்துக்கும் ஒரே சட்டந்தான். மூணு நாள்."

"காருக்கு?"

மொறைச்சான். "இந்தா, வண்டிய ஓட்டுற சோலிய மட்டும் பாருங்க. நாங்க என்ன முட்டாப் பயகளா? மூடியத் தொடமாட்டோம், வச்சிட்டுப் போங்க."

வச்சேன். வச்சிட்டு வந்தேன். அவன்கிட்ட மல்லுக்கு நின்னிருக்கணும், கேனை மடியில வச்சிக்கிட்டுச் சாயந்தரம் வரைக்கும் அங்கேயே ஒக்காந்திருக்கணும். பாலு திரிஞ்சிருமேன்னு வந்துட்டேன்.

நாலாம் நாள் போறப்ப கேனு கல்லுல இல்ல, சக்திவேலு தோள்ல தொங்குச்சு. கழுத்துப் பக்கம் மஞ்சளா இருந்துச்சு. புதுச் சாமானுக்கு மஞ்சப் பொட்டு வைக்கிறது நம்ம ஊர்ல இருக்கிறதுதானே, எவளோ மவராசி மாடு சினையாகணும்னு வேண்டிக்கிட்டு வச்சிருக்கான்னு நெனச்சேன். சிரிச்சுக்கூட வச்சேன். சக்திவேலு சிரிக்கலை. அப்பவாச்சும் எனக்கு ஒறைச்சிருக்க வேணாம்?

செவத்தாளுக்கு ஊசி போட்டாங்க. இருவத்தியோராம் நாள் திரும்பக் கத்துனா. ஆனியில ரெண்டாவது ஊசி. திரும்பக் கத்துனா. ஆடி பொறந்ததும் மூணாவது. செவத்தா மட்டுமில்ல, அங்க ஒரு மாடும் நிக்கலை. ஒரு பக்கம் பாலு வத்துது, ஒரு பக்கம் சினையில்ல. பூண்டுச் சந்தையும் மூடிக் கெடக்கு, தவிட்டுக்கு வழியில்ல. ஒண்ணு ஒண்ணா அடிமாட்டுக்கு ஏத்த ஆரம்பிச்சாங்க. கன்னிவாடிப் பக்கத்துலருந்து ஒரு லாரி வரும். பாவம், மனுசன் மாதிரி நிமிந்து பாத்துக்கிட்டே போகும் அதுக.

இதுக்கு நடுவுல ஆனி மாசம் ராக்காயியோட அக்கா கவுஞ்சியில காய்ச்சல்ல செத்துப்போச்சு. கூடப் பொறந்தவ. ராக்காயி காட்டுப் பாதையிலயே நடந்து போனா. மூஞ்சியக் கூடக் காட்டலை, துணியச் சுத்தித் தூரத்துல காட்டி எடுத்துட்டாங்க. திரும்பி வந்தவ நேரா வீட்டுக்குப் போகலை. பூண்டு காயப்போடுற கொட்டாய்ல பதினாலு நாள் தனியாக் கெடந்தா. நதியா சோத்தை வச்சிட்டுத் தள்ளி நிப்பா. செவத்தாளக் கறந்ததும் நதியாதான். ராக்காயி தொழுவத்துப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலை. ஊர்ச் சட்டத்தை ஒரு மயிரளவு மீறாதவ அந்த ஊர்ல அவ ஒருத்திதான்.

ஆடி பாதியில ஒரு நாள், காப்பி இல்லாம வெறுங்கையோட கட்டைகிட்ட வந்து நின்னா.

"என்னாச்சு ராக்காயி?"

"ஊர் மந்தையில கூட்டம் போட்டாங்கண்ணே. பத்தொம்பது மாடும் சினை நிக்காததுக்கு நாந்தானாம்."

"நீயா? நீ என்ன செஞ்ச?"

"எளவுத் தீட்டோட எல்லையத் தாண்டி வந்தேனாம். என் தீட்டு மொதல்ல எம் மாட்டுல எறங்கி, அங்கருந்து ஊர் மாட்டுக்கெல்லாம் தாவிருச்சாம். செவத்தாள ஊரவிட்டு ஏத்திட்டுப் பரிகாரம் செஞ்சாத்தான் மத்த மாடு நிக்குமாம்."

"எவன் சொன்னான்?"

"கொழுந்தனாருதான் எந்திரிச்சுச் சொன்னாரு. வேல்ராசு." வேல்ராஜ் ஆண்டிச்சாமிக்குப் பங்காளி, தம்பி மொறை.

"சக்திவேலு என்ன சொன்னான்? ஊசி போடுறவன் அவன்தானே?"

"தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. நான் கேட்டேண்ணே. 'ஏம்ப்பா, நான் போறதுக்கு முன்னாடி போட்ட ஊசியும் நிக்கலையே, அதுக்கு எந்தத் தீட்டு'ன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கலை."

ஆண்டிச்சாமி பின்னாலயே வந்து நின்னான். கெட்டவன்னு சொல்லமாட்டேன். ஊருக்கு நடுங்குறவன்.

"ஏ இந்தா, டிரைவர்ட்ட என்ன ஒப்பாரி? வெள்ளிக்கெழமை லாரி வருது. ஊரு பெருசா, மாடு பெருசா?"

"ஊரா அன்னாடம் பால் கறக்குது? ஊரா நதியாளுக்குப் பீஸ் கட்டுச்சு?"

"நாளைக்கு நம்ம காட்டுக்கு ஒரு ஆளு வரமாட்டான். மக கலியாணத்துக்கு ஒரு பய பந்தல்ல நிக்கமாட்டான். யோசிச்சியா?"

"நாலு கன்னு போட்ட மாட்ட மலடுன்னு சொல்லி வெட்டக் குடுக்கச் சொல்றீங்க. ஒங்களுக்கு வாய் கூசலை?"

"எனக்கு மட்டும் ஆசையா? கன்னுக்குட்டியில நாந்தான தோள்ல தூக்கியாந்தேன்!" துண்டை எடுத்து மூஞ்சியத் தொடச்சான். "மூணு ஊசி போட்டாச்சு. நாலாவதுக்கு நிக்கும்னு ஒன்னால சத்தியம் பண்ண முடியுமா? முடியாதுல்ல. அப்ப விடு."

அவளால சத்தியம் பண்ண முடியலை. மாட்டு வவுத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு எவளுக்குத் தெரியும்?

வியாழக்கெழமை சக்திவேலு கேனைக் கொண்டாந்து வண்டியில வச்சான். "குச்சி தீந்துபோச்சுண்ணே. புதுசு ரொப்பியாந்து குடுங்க"ன்னான். எம் மூஞ்சியப் பாக்கலை. கேனைத் தூக்குறப்பவே காத்தாட்டம் இருந்துச்சு.

கோடையில டாக்டரம்மா சண்முகப்பிரியா இருந்தாங்க. சின்ன வயசு, சுறுசுறுப்பான பொண்ணு. கேனைத் தொறந்து டார்ச்சு அடிச்சுப் பாத்தாங்க. மொகம் மாறுச்சு. உள்ள குச்சி நிக்கிற சின்னத் தூக்கை வெளிய எடுத்தாங்க. அடிச்சட்டி பூராம் மஞ்ச அப்பிக் காஞ்சு கெடந்துச்சு. ஒரு வேப்பெலை. அந்த மஞ்சள்ல ஒரே ஒரு குச்சி ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு.

"என்னங்க இது? யாருங்க இதுக்குள்ள தண்ணி ஊத்துனது?"

எல்லைக்கல்லு, மூணு நாளு, பொட்டுன்னு நெனச்ச மஞ்ச, எல்லாத்தையும் சொன்னேன்.

"வைகாசியிலயா? அப்ப அன்னைக்கே எல்லாம் செத்துருச்சு. மிச்சம் முப்பத்தொம்பது எங்க?"

"போட்டாச்சும்மா."

"மாட்டுக்கா?"

"மாட்டுக்குத்தான்."

டாக்டரம்மா ஸ்டூல்ல ஒக்காந்துட்டாங்க. "மஞ்சத்தண்ணியப் போட்டிருக்காங்க. முப்பத்தொம்பது தடவ. தெரிஞ்சே போட்டிருக்கான். கேஸு இல்லாத கேன் எத்தனை கனம் இருக்கும்னு ஊசி போடுறவனுக்குத் தெரியாதா?"

ஒரு பொம்பளை பதினாலு நாள் பூண்டுக் கொட்டாய்ல கெடந்ததும், மந்தையில அவ தலையில தீட்டைக் கட்டுனதும், தண்ணிய ஊத்துனவனும் செத்த குச்சின்னு தெரிஞ்சவனும் அங்க சம்மணம் போட்டு ஒக்காந்திருந்ததும் அப்பத்தான் எனக்கு ஒண்ணாச் சேந்துச்சு. நதியா போனுக்கு அடிச்சுப் பாத்தேன். அந்த ஊருக்கு என்னைக்கு டவர் இருந்துச்சு? "விடிஞ்சா மாட்டை ஏத்திருவாங்கம்மா"ன்னேன். "வண்டியில எடமிருக்கா? நானும் வர்றேன்"னாங்க.

வெள்ளிக்கெழமை ஒரே மூடுபனி. லைட்டைப் போட்டு ஊந்து ஊந்துதான் போக முடிஞ்சுது. புதுக் கேனை டாக்டரம்மா மடியில வச்சிருந்தாங்க. வழியெல்லாம் எதுக்க லாரி சத்தம் கேட்டாப் போதும், பிரேக்கை அமுக்கி, அதுல செவத்தா இருக்காளான்னு எட்டிப் பாப்பேன்.

போய்ச் சேந்தா லாரி கட்டைக்கு உள்பக்கம் நிக்குது. செவத்தாள ஏத்திக் கட்டியாச்சு. கழுத்தை நீட்டி நீட்டிக் கத்துறா. ஆண்டிச்சாமி துண்டை வாயில வச்சு அமுக்கிக்கிட்டுச் செவுத்தோட நிக்கான். ராக்காயி ரோட்டுக் கட்டை மேல ஏறி ஒக்காந்திருக்கா. தலை அவுந்து கெடக்கு.

"எந்திரிங்க மதினி. ஊர்க் கட்டுப்பாடு"ன்னு வேல்ராஜ் நிக்கான்.

"தூக்கு. கட்டையத் தூக்கு. என்னையும் சேத்துத் தூக்கு" அப்பிடிங்குறா அவ.

நான் வண்டிய ரோட்டுல அப்பிடியே போட்டுட்டு எறங்குனேன். பழைய கேனைக் கொண்டு போயி, எந்தக் கல்லுல வச்சேனோ அதே கல்லுல வச்சு, தூக்கை உருவி எல்லாருக்கும் தெரியிற மாதிரி நீட்டுனேன்.

"ராக்காயி, இங்க பாரு! ஒந்தீட்டு எங்க இருக்குன்னு பாரு! இந்தா இருக்கு, மஞ்சளும் வேப்பெலையுமா!"

வேல்ராஜ் மொகம் செத்துப்போச்சு. டாக்டரம்மா எறங்கி வந்து நிதானமாக் கேட்டாங்க, "யாரு இதுல தண்ணி ஊத்துனது?"

சனம் கூடுது. பொம்பளைக வாளியும் கையுமா வந்து நிக்கிறாங்க.

"கேக்குறாங்கள்ல, சொல்லுலே!" நான் கத்துனேன்.

"தொறந்து பாத்தோம்" அப்பிடின்னான் வேல்ராஜ், தரையப் பாத்துக்கிட்டு. "பொகையாப் பொங்குச்சு. தீயே இல்லாமப் பொகையிறத ஊருக்குள்ள எப்பிடி விடுறது? ரெண்டு கொடம் மஞ்சத்தண்ணிய ஊத்துனோம். கொதகொதன்னு கொதிச்சு அடங்கிருச்சு. நல்லதுதான்னு நெனச்சோம். மறுநாத்தான் சக்திவேலு வந்து செத்துப்போச்சுன்னு சொன்னான்."

"சொன்னானா?" ராக்காயி கட்டையவிட்டு எறங்குனா. நேரா சக்திவேலுகிட்டப் போனா. அவ கத்தவேயில்ல, அதான் எனக்குப் பயமா இருந்துச்சு. "ஏந்தம்பி, எம் மாட்டுக்குள்ள மூணு தடவ கையை விட்டியே. மூணு தடவயும் செத்ததுன்னு தெரிஞ்சுதான் வச்சியா?"

"அக்கா... அத்தனைக்கும் எந்த மாட்டுக்குப் போட்டேன்னு எழுதிக் குடுத்தாத்தான் அடுத்த குச்சி தருவாங்க. எங்கையில கெட்டுப்போச்சுன்னா எஞ்சோலி போயிரும். மச்சானும் வெளிய சொல்லாதேன்னாரு. வெரசாப் போட்டுத் தீத்துட்டா புதுசு வந்துரும். புதுசுல மொத ஊசி ஒங்க மாட்டுக்குத்தான்னு நெனச்சிருந்தேன்க்கா."

"எம் மாட்டை வெட்டுனதுக்கு அப்பறமா?"

பின்னாலருந்து ஒருத்தி, "அடப்பாவி, எம் மாட்டைப் போன மாசம் ஏத்திட்டேனேடா"ன்னு கையில இருந்த வாளிய அவன் மேலயே வீசுனா. எட்டு மாடு போயிருந்துச்சு அதுக்குள்ள. எட்டு வீட்டுப் பொம்பளைகளும் ஒண்ணாக் கத்துனாங்க. அந்தச் சத்தத்துல எவ என்ன சொன்னான்னு கேக்கலை. எனக்குக் கேக்கவும் வேணாம்.

வேல்ராஜ் கையைத் தூக்கி அமத்துனான். அப்பவும் தலைவராட்டந்தான். "சரி சரி, விடுங்கப்பா. தெரியாம நடந்துபோச்சு. மதினி, மாட்டை எறக்கிக்கிட்டுப் போங்க. பேசித் தீத்துக்குவோம்."

"தெரியாமத்தான் ஊத்துனீங்க, கொழுந்தனாரே. தெரிஞ்சுதான மந்தையில எந்திரிச்சு நின்னு எம் பேரச் சொன்னீங்க?" ராக்காயி கொண்டைய முடிஞ்சா. "நான் எறக்கமாட்டேன். ஏத்துனவன் எறக்கட்டும்."

ஊரே பாத்துக்கிட்டு நிக்க, வேல்ராஜ் லாரியில ஏறி, முடிச்சை அவுத்து, பலகையச் சாச்சு, செவத்தாளப் புடிச்சு எறக்குனான். வெள்ளை வேட்டியில சாணி. மாடு விடாமக் கத்துது. "போதும், எறக்கியாச்சு, அழுகாத"ன்னு ஆண்டிச்சாமி கழுத்தைத் தடவுனான்.

ராக்காயி வாலைத் தூக்கிப் பாத்தா. கண்ணாடி மாதிரி நீளமா ஒழுகுது. "அட மனுசா, அழுகலை இவ. கணக்குப் போடுங்க, மூணாவது ஊசிக்கு இன்னைக்கு இருவத்தியோரு நாளு. பருவத்துல நிக்கா."

டாக்டரம்மா கைய ஒதறிக்கிட்டுப் புதுக் கேனை எடுத்தாங்க. சக்திவேலு முன்னால வந்தான். "நீ தொடாத"ன்னுட்டா ராக்காயி. பெறகு டாக்டரம்மாகிட்ட, "கோவிச்சுக்காதீங்கம்மா, மொதல்ல மூடியத் தொறங்க. நான் பாக்கணும்"ன்னா. தொறந்தாங்க. பொகை பொங்கி வழிஞ்சுது. குனிஞ்சு பாத்தா. அப்பறம் நதியாளக் கூப்புட்டுக் காட்டுனா. அப்பறம் ஒவ்வொருத்தியா வந்து எட்டிப் பாத்தாங்க, அந்த எட்டு வீட்டுக்காரிகளும். அதுக்கப்பறந்தான் ஊசி.

இன்னைக்கு வரைக்கும் தொட்டிமட்டத்துல பொம்பளைக பொகையைப் பாக்காம ஒரு மாட்டுக்கும் ஊசி போட விடமாட்டாங்க. அது ஒண்ணுதான் மிச்சம். சக்திவேல வேலைய விட்டு எடுத்துட்டாங்க. வேல்ராஜ எவன் எடுக்குறது? கட்டைய எடுத்தாங்க, கட்டைக்குத் தலைவன் இப்பப் பள்ளிக்கூடக் கட்டடக் கமிட்டிக்குத் தலைவன். காட்டேஜுக்குக் காரு வருது. எட்டு மாட்டுக்கு எவனும் பதில் சொல்லலை, ஒரு கூட்டமும் போடலை. பொம்பளை மேல தீட்டுன்னு சொல்றதுக்கு மட்டும் மந்தை நெறைய ஆளு கூடுச்சு, இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு நாதி கூடலை.

செவத்தா அந்த ஒரே ஊசியில நின்னா. அடுத்த வைகாசியில கடேரிக் கன்னு, ஆத்தாளாட்டம் நெத்தியில வெள்ளையோட. மூணாம் நாளு பால் எடுக்கப் போறேன், ராக்காயி வீட்டு வாசல்ல தூக்குவாளியா அடுக்கி வச்சிருக்கா. ஈன்ட வீட்டுச் சீம்பாலை வீடு வீடாக் குடுக்கிறது அந்த ஊரு வழக்கம். பங்காளி வீட்டை விடக்கூடாது, விட்டாக் குத்தம். எட்டு வீட்டுக்கும் பெரிய வாளி. எனக்கும் ஒண்ணு, கருப்பட்டி தட்டிப்போட்டு அவிச்சே வச்சிருந்தா.

கடைசியா ஒரு சின்னத் தூக்கை எங்கையில குடுத்தா.

"இது யாருக்கு ராக்காயி?"

"கொழுந்தனாரு வீட்டுக்குண்ணே. பங்காளியாச்சே, குடுக்காம இருக்கலாமா?"

"நாலு எட்டு வச்சா அவன் வீடு. நீயே குடுக்கலாம்ல?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?" அவ மொகத்துல சிரிப்பே இல்ல. "எளவு கண்ட வீட்டுப் பாலு. எல்லைக்கல்லுல வச்சிருங்க. மூணு நாள் கழிச்சு எடுத்துக்கிறச் சொல்லுங்க."

கொண்டு போயி வச்சேன். கேனை வச்ச அதே எடத்துல. நல்ல வெயிலு அன்னைக்கு. அப்பறம் வண்டியத் திருப்பி, வேல்ராஜ் கடை வாசல்ல நிப்பாட்டி, ஆரனை அமுக்கி, ஊர்ச்சனம் வெளிய வர்ற வரைக்கும் கையை எடுக்கலை. ஆளு கூடுனதும் தலைய வெளிய நீட்டி, அவ சொன்னத ஒரு வார்த்தை மாறாமச் சொன்னேன். எடுக்குறதுக்கு முன்னாடி மஞ்சத்தண்ணி ஊத்த மறந்துறாதன்னு மட்டும் நானாச் சேத்துக்கிட்டேன்.